இரண்டாகப் பிரிந்த மழை

செத்துப்போன சுகந்தன் தினமும் காலையில் வேலைக்கு வந்துவிடுகிறான். தலவாக்கலையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் அவன் மனைவி யூஜினா திரையைத் திறந்தால், 'சுகந்தன் இன்றைய மழையைச் சேர்த்தார்' என்ற வரி மேலே நிற்கும். தன் பெயரில் தானாக ஓடும்படி அவன் அமைத்துவிட்டுப் போனது அது. நிறுத்துவது லேசு. யூஜினா நிறுத்தவில்லை.

அவன் எழுதிய கருவியின் பெயர் சல்லடை. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் அனுப்பும் மழை அளவுகளை வாங்கிப் பிழைகளைச் சலித்து, எந்தச் சரிவில் தண்ணீர் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது என்று சொல்லும். மீறினால் திரை சிவப்பாகும், இல்லையென்றால் பச்சை. சரிவுக்குக் கீழே லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் வெளியேற வேண்டும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் இலவசமாக எடுத்து ஓட்டலாம். எடுக்கிறவர் முதலில் படிக்க வேண்டிய பக்கம் ரீட்மி.

போன வருட மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சரிவுக்கடியில் இருந்த லயத்தின் சுவர் வெடிப்பைப் பார்க்கப் போனான் சுகந்தன். லயத்து ஆட்கள் பயத்தில் ஏற்கனவே வெளியேறியிருந்தார்கள். அங்கிருந்து மனைவிக்குப் போன் செய்தான். "பச்சதான் காட்டுது யூஜி. பயப்படாத." சரிவு இடிந்து இறங்கியபோது உள்ளே இருந்தவன் அவன் ஒருவன்தான்.

அந்தப் பச்சையைப் பற்றி யூஜினா யாரிடமும் பேசியதில்லை. வகுப்பில் பச்சை நிறத்தில் எழுதும் பிள்ளைகளிடம் வேறு நிறத்துக்கு மாற்றச் சொல்வாள். ஏன் என்று கேட்டால், கண் கூசுகிறது என்பாள்.

ரீட்மியைத் திருத்தும் வேலையை அவள் தலையில் கட்டியவர் ரிஃகான். பஸ் நிலையத்துக்கு எதிரே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். சுகந்தனோடு சேர்ந்து கருவியில் வேலை செய்தவர்.

"தங்கச்சி, மனுசனுக்கு விளங்குற மாதிரி இத எழுதியிருக்கப்படாதா? இறம்பொட டீச்சர் ஒருத்தங்க இத ஓட்டத் தெரியாம சும்மா சும்மா கோல் எடுக்கிறாங்க. நான் போன் திருத்துறதா, அவங்களுக்குப் பாடம் நடத்துறதா?"

"எழுதினது அவருதானே, ரிஃகான் நானா."

"அது தெரியும். அதாலதானே ஏசவும் முடியல்ல."

யூஜினா சிரித்துவிட்டாள். பிறகு, ஒன்றும் தெரியாத ஆள் போல ரீட்மி சொல்கிறபடியே ஒவ்வொரு படியாகச் செய்துபார்த்தாள். அவனுடைய எழுத்து அப்படியே அவன் பேச்சு. 'இந்த இடத்தில் அவசரப்படாதீங்க.' 'வரவில்லையா? ஒரு டீ குடித்துவிட்டு வாங்க.' படிக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று யாரோ சொல்வது போலிருந்தது. ஒருமுறை திரும்பியும் பார்த்தாள்.

மூன்றாம் படி இது. 'தோட்டத்தில் மழையைக் காலையில், பெரட்டில் வேலை பிரிக்க ஆள் சேருமுன் அளந்து அன்றைய தேதியில் எழுதுவார்கள். ஆனால் அது முந்தின நாள் பெய்த மழை. ஆகவே தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி ஏற்றுங்கள்.'

மாதா திருநாள் தேர் நனைந்த வாரத்தின் அளவுகளை எடுத்தாள். தேதியைத் தள்ளி ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையைச் சல்லடை சனிக்கிழமையில் காட்டியது. சனிக்கிழமை நல்ல வெயில். தேர்த் துணியை வெளியே காயப்போட்டது அவளேதான்.

கருவியின் நிரலுக்குள்ளே போய்ப் பார்த்தாள். அங்கே அவன் குறிப்பு ஒன்று இருந்தது: 'தோட்ட ஆபீஸ் கிளாக்கர்மார் மறந்துபோகிறார்கள். இனிமேல் தேதியை நானே தள்ளிவிடுகிறேன்.'

கருவியே தள்ளும்படி செய்திருக்கிறான். ரீட்மியில் இருந்த பழைய வரியை மட்டும் எடுக்கவில்லை. எல்லாக் கிளாக்கர்மாருக்கும் வாயால் சொல்லியிருப்பான். பெரட்டில் ஒரு தடவை சத்தமாகச் சொன்னால் தோட்டம் முழுக்கச் சொன்ன மாதிரி. இங்கே வளர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகுமா? ஆனால் கிளாக்கர்மார் மாறிப் போகிறார்கள். புதிதாக வந்தவர்கள் ரீட்மியைப் படித்துக் கையாலும் தள்ளினார்கள். கருவி மறுபடி தள்ளியது.

சுகந்தன் போன அந்தச் சரிவுக்கு மூன்று தோட்டங்களின் அளவு வருகிறது. இரண்டில் புது ஆட்கள். யூஜினா அவன் இறந்த வாரத்து அளவுகளைத் திறந்தாள். திங்கட்கிழமை கொட்டிய ஒரே மழை, ஒரு தோட்டத்துக்குத் திங்களிலும் மற்ற இரண்டுக்கும் ஞாயிறிலும் பிரிந்து கிடந்தது. எந்த நாளிலும் எல்லையைத் தொடவில்லை. தேதிகளைச் சரிசெய்து மறுபடி ஓட்டினாள்.

மாமியார் சிசிலி அரிசி களைந்த கையோடு வந்து நின்றார். "ஏன் புள்ள ஒரு மாதிரியா இருக்க? என்னா காட்டுது?"

"செவப்பு, மாமி. அன்னைக்குக் காலையிலயே செவப்புதான் காட்டியிருக்கணும்."

விவரத்தைச் சொன்னாள். சிசிலி திரையை நெருங்கி நின்றார்.

"அந்த வரிய மட்டும் அழிச்சிரு. ஊருல அவன் பேரச் சொல்லி எவ்வளவு நல்லா பேசறாங்க. பாதர் பூசையிலயே சொன்னாரு."

"அழிச்சா புதுசா வர்றவங்களுக்குச் சரி. இப்ப கையால தள்ளிக்கிட்டு இருக்கறவங்க மறுபடி படிக்க மாட்டாங்க மாமி. என்ன நடந்துச்சுன்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க."

"எத்தன தோட்டம்?"

"யாரு யாரு எடுத்துக்கிட்டாங்கன்னே தெரியாது."

"அங்கயும் மலைக்குக் கீழ லயம் இருக்குமா?"

"எல்லா எடத்துலயும் கீழதானே மாமி லயம்."

சிசிலி கையைச் சேலையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அப்ப எழுது. மொட்டையா எழுதாத, எவனோ செஞ்சான்னு விட்டுருவாங்க. எம்மவன் பேரப் போடு. அவன் பேரப் பார்த்தா நின்னு படிப்பாங்க."

ரீட்மியின் உச்சியில், தடித்த எழுத்தில் யூஜினா எழுதினாள்: 'தேதியைக் கையால் தள்ள வேண்டாம். கருவியே தள்ளும். தள்ளச் சொல்லி இங்கே இருந்த வரி தவறு. சுகந்தன் அதை நீக்க மறந்தார். அதனால் ஒரு சரிவுக்கு எச்சரிக்கை வரவில்லை. அதில் இறந்தவர் சுகந்தன். இதுவரை தள்ளி ஏற்றியவர்கள் பழைய அளவுகளை மறுபடி ஏற்றுங்கள்.'

பிறகு அந்த இரண்டு தோட்டங்களுக்கும் தானே போன் செய்தாள். முதல் கிளாக்கர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாமவர், அழகன், முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அன்னைக்கு நான்தான் ஏத்தினேன் மிஸ். அப்ப நான் தள்ளினதாலயா சுகந்தன் சார்...?"

"இல்ல. எழுதியிருந்ததத்தான் நீங்க செஞ்சீங்க. எழுதியிருந்ததுதான் தப்பு. யாரு எழுதினதுன்னும் இப்ப அதுலயே போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது.

"இன்னைய அளவ எந்தத் தேதியில போடட்டும் மிஸ்?"

"அளந்த தேதியிலயே போடுங்க," என்றாள் யூஜினா.