பூசையில் வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. இதைச் சொன்னால் திருப்பதியில் என் கணவரோடு ஹோட்டலில் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். நாங்கள் ஒன்றும் ஜமீன் பரம்பரை இல்லை. சித்தூருக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு மாந்தோப்பும் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் வைத்திருக்கிற சாதாரணக் குடும்பம். மலையடிவாரம் என்பதால் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் வந்து போனால் கடலை நிலம் ஏர் ஓட்டினது போலக் கிடக்கும். அதற்காக என் நைனா வாலிப வயதில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி அது. பன்றியைக் கொல்வதற்கு இல்லை. ஆகாயத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டால் போதும், கூட்டம் மலையேறிவிடும்.

நைனாவுக்கு அந்தத் துப்பாக்கியைவிட அதைப் பற்றிய தன் பேச்சுக்கு இருந்த மரியாதைதான் பெரிது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். தேர்தல் முடிந்ததும் திருப்பித் தருவார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது நானும் கூடப் போயிருக்கிறேன். கான்ஸ்டபிள் தெலுங்கில் "காலியேனா?" என்பார். நைனா "காலி" என்பார். அவ்வளவுதான். திறந்துகூடப் பார்க்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா என்னிடம் சொல்வார்: "பார்த்தியா, மத்தவன் கொண்டாந்தா நோண்டி நோண்டிப் பார்ப்பானுங்க. நம்ம பேச்சு ஒண்ணு போதும்." எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

நைனாவுக்கு வயதாகிக் கண் மங்கியதும், தோப்பைப் பார்த்துக்கொள்கிற ஒரே மகளான என் பேருக்கு லைசென்ஸை மாற்ற மனுக் கொடுத்தோம். இப்போதெல்லாம் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்குப் போய்வந்த சான்றிதழ் இல்லாமல் காரியம் ஆகாது. நைனா அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"துப்பாக்கி புடிக்கறதுக்கு க்ளாஸா? இப்டியே உட்டா சோறு துன்றதுக்கும் க்ளாஸ் வெப்பானுங்க. எங்கிட்ட கேளு, அரை நாள்ல சொல்லித் தர்றேன்."

சித்தூரில் போலீஸ் மைதானத்தில் பயிற்சி. வந்தவர்களில் பாதிப் பேர் பேங்க் காவலாளிகள், மீதி என்னைப் போல விவசாயிகள். பெண் என்று நான் ஒருத்திதான். பக்கத்தில் நின்ற ஒருவர், வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா, நீங்கள் வந்திருக்கிறீர்களே என்று விசாரித்தார். அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, பயம்தான் கொஞ்சம் அதிகம் என்று சொன்னேன்.

நான் போன வேகத்துக்கு உடனே சுடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லித் தந்த சப்-இன்ஸ்பெக்டர் மதியம் வரை ஒரு தோட்டாவைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. ஒரு துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, காலியாக இருப்பதை எல்லோருக்கும் காட்டி, மூடி, முதலில் நின்றவர் கையில் கொடுத்தார். கை மாறிக் கை மாறிக் கடைசி ஆளிடம் போனது. "லோடு ஆகியிருக்கிறதா, காலியா?" என்று கேட்டார். எல்லோரும் காலி என்றோம். "எவரு சூசாரு?" என்றார். யார் பார்த்தது? ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. யாரையும் அவர் திட்டவில்லை. கொடுப்பவர் கண்ணெதிரே திறந்து காட்டியிருந்தாலும், வாங்குகிறவர் மறுபடி திறந்து பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார். "எவரு செப்பினா நம்மொத்து." யார் சொன்னாலும் நம்பாதே. அன்று முழுக்க அதையே விதவிதமாகச் செய்ய வைத்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

வீட்டுக்கு வந்து, தோட்டாக்களைத் தனியே பூட்டி வைக்க வேண்டும் என்று நைனாவிடம் சொன்னேன். "பன்னி வந்து நிக்கும்போது சாவி தேடிக்கினு இருக்கணுமா?" என்றார். நான் விடவில்லை. தோட்டா இருந்த இரும்புப் பெட்டிக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். அவர் சாவியைத் தன் இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். லைசென்ஸ் இன்னும் அவர் பேரில்தானே இருந்தது. அப்பனும் மகளும் நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஆயுத பூசை வந்தது.

அன்று விடியற்காலை நாய்கள் குரைத்தன. நான் சமையலறையில் கொண்டைக்கடலையை வேகப்போட்டுக்கொண்டிருந்தேன். நைனா துப்பாக்கியோடு நிலத்துப் பக்கம் போவது ஜன்னலில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். பன்றி வரவில்லையாம், தெருநாய்தானாம். காப்பி கேட்டார், கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், டிராக்டர் சாவி எல்லாவற்றையும் கழுவிச் சாமி படத்துக்கு முன்னால் பரப்புவோம். நடுவில் மனைப்பலகை மேல் துப்பாக்கி. சந்தனம் குங்குமம் வைப்பது என் மகளின் வேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், எதைக் கொடுத்தாலும் அலங்காரம் செய்துவிடுவாள். கை பிடிக்கிற கட்டைப் பக்கம்தான் பெரிய பொட்டு வைக்க வேண்டும் என்பது நைனாவின் பழக்கம். அதனால் கட்டை சாமியைப் பார்த்து இருக்கும். குழல் எங்களைப் பார்த்து இருக்கும். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

சுண்டல் தட்டோடு நான் வந்தபோது என் கணவரும் பக்கத்துத் தோப்புக்காரர் தம்பதியும் உட்கார்ந்திருந்தார்கள். நைனா கற்பூரத் தட்டோடு நின்றார். மகள் துப்பாக்கிக்கு எதிரே சம்மணமிட்டு, சாமந்திச் சரத்தைக் குழலில் சுற்றி, மீதிச் சரத்தை விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் நுழைத்து வெளியே எடுத்திருந்தாள். முடிச்சு இறுகவில்லை என்று நுனியைப் பிடித்து இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழல் அவள் மார்புக்கு நேரே இருந்தது.

அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றுதான். காலையில் நைனா துப்பாக்கியோடு போனார், திரும்பி வந்தார், சுட்ட சத்தம் கேட்கவில்லை.

கத்தினால் திடுக்கிட்டு இழுத்துவிடுவாள். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "கண்ணு, பூவ வுட்டுடு. எழுந்து அப்பா கிட்ட போ."

"இன்னும் முடிக்கலமா."

"அம்மா முடிக்கிறேன். நீ போ."

சரத்தை விட்டாள். எழுந்தாள். சந்தனமும் பொட்டுமாகப் பூசையிலிருந்த அரிவாளையே எடுத்து, வளையத்துக்குள் போயிருந்த சரத்தின் நாரை அறுத்தேன்.

நைனாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னா பண்ற? கற்பூரம் ஏத்தற நேரத்துல?"

"தொறந்து பார்க்கணும் நைனா."

"நான் காலி பண்ணித்தான் வெச்சேன். சாமி எதிர்ல வெச்சத எடுத்துப் பார்ப்பியா நீ? வெளி ஜனங்க முன்னாடி என் பேச்ச நம்ப மாட்டியா?"

பக்கத்துத் தோப்புக்காரர் எழுந்து, பெரியவர் சொல்கிறாரே, பூசை முடியட்டும் அம்மா என்றார். என் கணவர் மகளை இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொண்டார். நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி விரலை வளையத்துக்கு வெளியே வைத்து, யார் பக்கமும் திரும்பாமல் குழலைத் தூக்கிப் பிடித்து, முற்றத்துக்குக் கொண்டுபோய் மடக்கித் திறந்தேன்.

உள்ளே சிவப்புத் தோட்டா இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கை முழுக்கச் சந்தனம். கற்பூரம் தட்டிலேயே எரிந்து அணைந்தது, யாரும் கும்பிடவில்லை.

நைனா கிட்டே வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் போடலியே" என்றார். "யாரு போட்டது? நீ போட்டியா?" என்று என்னைக் கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை. காலையில் துப்பாக்கியோடு போய்வந்ததைச் சொன்னேன். "இன்னிக்கா? நான் எங்கயும் போவலியே" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரது கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மகளுக்கு வந்த ஆபத்தை நினைத்து வந்த கோபமெல்லாம் வடிந்து, வேறு ஒரு பயம் வந்தது. மங்கியது கண் மட்டும்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று அவர் சாப்பிடவில்லை. பேத்தி சுண்டல் கொண்டுபோனபோது அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். "தாத்தா என் சட்டையில இன்னா தேடறாரு?" என்று வந்து என்னிடம் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் அவராகவே சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். "அந்த க்ளாஸ்ல இன்னா சொல்லித் தந்தாங்க?" என்று கேட்டார். காலித் துப்பாக்கியை வைத்துச் செய்து காட்டினேன். நான் திறந்து காட்டி மூடிக் கொடுத்தேன், அவர் வாங்கித் திறந்தார், திருப்பி என்னிடம் தந்தார். அரை நாளில் சொல்லித் தருகிறேன் என்று சிரித்தவர், ஒரு கேலிகூடப் பேசாமல் திரும்பத் திரும்பச் செய்தார். லைசென்ஸ் மாறும் வரை துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று அவரேதான் சொன்னார்.

உறையில் போட்டு ஆட்டோவில் எடுத்துப் போனோம். தேர்தலுக்குத் தேர்தல் பார்த்துப் பழகிய கான்ஸ்டபிள்தான் இருந்தார். "ஏம் பெத்தாயனா, இப்புடு எலெக்ஷன் லேதே?" என்றார். பெரியவரே, இப்போது தேர்தல் இல்லையே என்று சிரித்துக்கொண்டே துப்பாக்கியை வாங்கினார். வழக்கம்போல "காலியேனா?" என்று கேட்டார். அது கேள்விகூட இல்லை, ஒரு மரியாதை. கேட்டபடியே உள்ளே கொண்டுபோகத் திரும்பிவிட்டார்.

நைனா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நா மாட்ட நம்மொத்து" என்றார். என் பேச்சை நம்பாதே. "தெரிச்சி சூடு." திறந்து பார்.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சுவரைப் பார்த்துத் திருப்பி, மடக்கித் திறந்தார். அவர் குனிவதற்கு முன்பே நைனா குனிந்துவிட்டார். மங்கின கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் உள்ளே பார்த்தார். பிறகு அதுவும் போதாமல், சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.