சர்டிபிகேட்டில் இருப்பவரை வேலைக்குக் கூப்பிடக்கூடாது

காமாலை என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய செல்வி, மறு வாரமே மோட்டார் காயில் சுற்றும் வைண்டிங் மேசையில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மஞ்சள். காலடியில் மோர் பாட்டில். கையில் செம்புக் கம்பி. அன்று எனக்கு வந்த கோபம், நான் ஓய்வுபெற்ற பிறகும் தணியவில்லை.

அப்போது எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் என் பொறுப்பு.

"ஏனுங்க செல்வி, இங்க என்ன வேலை?"

"மொதலாளியே போன் போட்டாருங்க சார். 'அம்மணி, ஆர்டர் நிக்குது, அரை நாள் வந்து கைகுடுத்துட்டுப் போங்க'ன்னாரு. அத்தன மருவாதியாக் கூப்புடறவருகிட்ட எப்படிங்க மாட்டேங்கறது?"

மரியாதைக்குக் கட்டுப்படும் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. அதட்டிக் கூப்பிட்டிருந்தால் செல்வி வந்திருக்கமாட்டார்.

பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் என் காதருகே குனிந்தார். "வருகைக் கார்டு பஞ்ச் பண்ண வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க. பண்ணா அந்தப் புள்ளைக்கு ஈ.எஸ்.ஐ. பணம் போயிருமல்லங்க?"

என்ன கருணை!

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். சந்தா ஒழுங்காகப் பிடிக்கப்பட்டிருந்தால், டாக்டர் சான்று கொடுத்த நாட்களுக்குச் சராசரிக் கூலியில் எழுபது விழுக்காட்டை ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு தரும். பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குக் கிடையாது. அந்தப் பணம் வாங்கும் காலத்தில் ஆளைக் கம்பெனி வேலைநீக்கம் செய்யக்கூடாது. வேலை பார்த்த நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. கம்பெனிதான் சம்பளம் தரவேண்டும். ஆக, பஞ்ச் இல்லாமல் செல்வி சுற்றிய காயில் முதலாளிக்கு இலவசம். அந்த மேசையிலேயே மயங்கி விழுந்தால், அன்று அவர் கம்பெனிக்கு வரவே இல்லை என்று ஆகிவிடும். விஷயம் வெளியே தெரிந்தால், பொய் சொல்லிப் பணம் வாங்கியவர் என்ற பெயர் செல்விக்கு.

முதலாளி அறைக்குப் போனேன்.

"செல்விக்கு இன்னிக்கு அட்டெண்டன்ஸ் போட்டுட்டேனுங்க. சம்பளம் நீங்க குடுக்கணும். இப்ப ஆட்டோ வெச்சு ஊட்டுக்கு அனுப்பறேன்."

"என்னங்க சார் நீங்க, எதுக்கெடுத்தாலும் ரூல்சு! அந்தப் புள்ள நம்ம ஊட்டுப் புள்ளை மாதிரிங்க."

"போன வருசம் உங்க பையனுக்கு இதே காமாலை வந்துதுங்களே, அவரை எந்த மேசைல உக்கார வெச்சீங்க?"

முதலாளி ஃபேனைப் பார்த்தார். பிறகு, "ஆட்டோவுக்குக் காசு கம்பெனியில வாங்கிக்குங்க" என்றார். பெருந்தன்மை!

ஆட்டோவில் ஏறும்போது செல்வி என்னைத்தான் திட்டினார். "எதுக்குங்க சார் சண்டை போட்டுப்போட்டீங்க? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் இங்க வாரது? வேலை போச்சுன்னா நீங்களா சோறு போடுவீங்க?"

நியாயமான கேள்வி. சட்டத்தைச் சொன்னேன். காமாலைக் காய்ச்சலில் இருப்பவருக்குச் சட்டம் எங்கே காதில் ஏறும்? ஆட்டோ போய்விட்டது.

இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் பிட்னஸ் கொடுத்த பிறகு செல்வி திரும்பினார். அதே மேசை, அதே வேலை. அதன்பின் பல நாள் என்னிடம் பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், அதே செக்‌ஷனில் ரேவதி என்ற பெண்ணுக்கு டெங்கு. மறுபடியும் அவசர ஆர்டர். சூப்பர்வைசர் இந்த முறை புத்திசாலித்தனமாகத் தன் போனைச் செல்வியிடம் நீட்டினார். "நீ கூப்புடு கண்ணு. நீ சொன்னா அந்தப் புள்ள தட்டாது."

அங்கே நின்றிருந்த நான் வாயைத் திறக்குமுன் செல்வி சொன்னார்: "அவ சர்டிபிகேட்ல இருக்காளுங்க. பிட்னஸ் வாங்கிட்டுத்தானுங்க வருவா. அதுக்கு முன்னால நானும் கூப்புட மாட்டேனுங்க, நீங்களும் கூப்புடாதீங்க."

போனை வாங்காமலே கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

வாழ்நாள் முழுக்க நான் கத்திச் சொன்னதைச் செல்வி குரல் உயர்த்தாமல் சொன்னார். உடம்பு முடியாதபோது கம்பெனியிலிருந்து போன் வந்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்க வேண்டாம். வேலைக்கு மட்டும் போகாதீர்கள்.