மாரிமுத்துவுக்காக வாசலில் நின்றவள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு முதுகலை படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி வந்தது: "நம்ம பத்மா போயிருச்சு." அனுப்பியவன் மாரிமுத்து. மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தேன். யார் யார் பதில் சொன்னார்கள் என்று நினைவில்லை.

செல்லூர் பத்மாவதியை உங்களில் பலருக்கு ஆசிரியையாகத் தெரியும். நான் அவளோடு மதுரையில் தத்துவம் படித்தவள்.

இரண்டாம் வருடம் கிரேக்கத்து ஸ்டோயிக் சிந்தனை எங்களுக்குப் பாடம். நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார், இல்லாததற்காக அலையாதே என்பது அதன் சாரம். எனக்கு அது வசதியாக இருந்தது. மேலூரிலிருந்து வந்த மாரிமுத்து, கல்குவாரியில் அப்பாவுக்குக் கால் நசுங்கியதிலிருந்து பாதி நாள் வகுப்புக்கு வரவில்லை. தர்க்கவியல் தாளில் இரண்டு முறை தோற்றிருந்தான். மூன்றாவது முறை எழுத மூன்று வாரம் இருந்தது. அதே நாளில் எங்களுக்கும் வேறொரு தாள். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று பத்மா கேட்டாள்.

"அவன் பாஸாகுறது நம்ம கையில இல்லடி," என்றேன்.

"இல்லதான். பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்குறது யாரு கையில இருக்கு?"

நான் என் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன்.

மாலைகளில் நூலகத்துக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் அவள் அவனோடு உட்கார்ந்தாள். ஒரே உதாரணத்தை ஏழெட்டு முறை சொல்வாள். "மண்டையில ஏற மாட்டேங்குது, விட்டுரு," என்பான். "நாளைக்கு ஏறும், வா," என்பாள். இரண்டு நாள் அவன் வரவேயில்லை. அப்போதும் இருட்டும்வரை அங்கேயே இருந்தாள்.

பரீட்சையன்று மணியடித்த பிறகும் கல்லூரி வாசலில் நின்றாள். மாரிமுத்து வரவில்லை. இருபது நிமிடம் தாமதமாக உள்ளே வந்து தன் தாளை எழுதினாள். அதனால் அவளுக்கு முதல் வகுப்பு தவறியது.

வெளியே வந்ததும், பாடப்படி நீ வருத்தப்படக் கூடாதே என்று கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன்.

"வருத்தம் இருக்குடி. நான் என்ன கல்லா?" என்றாள். குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள். மாரிமுத்து அதன் பிறகு கல்லூரிக்கு வரவேயில்லை. பல வருடம் கழித்து அவனைத் தேடிப் பிடித்து வகுப்புக் குழுவில் சேர்த்தவளும் அவள்தான்.

அவள் நோயில் கிடந்த ஒன்றரை வருடத்தில் என்னால் ஆனது எதுவுமில்லை. மருத்துவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

அவளை எடுத்துப்போன அன்று அவள் வீட்டுத் தெருமுனையில் மாரிமுத்து நின்றான். மேலூரில் டிராக்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். "பரீட்சை அன்னைக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பயந்து திரும்பிட்டேன்," என்றான். "பத்மாட்ட அதச் சொல்லவே இல்ல. அதுவும் கேக்கல." அவளை ஏற்றிய வண்டி திரும்பி மறையும்வரை இருவரும் நின்றோம்.

போன மாதம் பத்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்குப் பேசு, கேட்டுட்டு இருக்கேன்," என்றாள். ஆறுதலாக ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. தண்ணீர் லாரி வராததையும், பக்கத்து வீட்டு நாய் மூன்று குட்டி போட்டதையும் சொன்னேன். எதிர்முனையில் அவள் மூச்சு கேட்டது. நான் தடுமாறி நிறுத்தியபோதெல்லாம், "ம், சொல்லு," என்றாள்.

அந்த "ம், சொல்லு" மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கிறது.