பீச்சாங்கை வெட்டு

அம்சம் அதுவரை பஸ் ஏறியதெல்லாம் ஏதாவது ஒரு காரியத்துக்காகத்தான். நடவுக்கு ஆள் குறைந்த ஊர்களுக்குப் போயிருக்கிறாள். கூலிச் சண்டையில் போலீஸ் பிடித்துப் போனவர்களைப் பார்க்க நாகப்பட்டினம் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறாள். வேதாரண்யத்துக்கு ஒருமுறை தனியாகப் போய் அழுதுகொண்டே திரும்பியிருக்கிறாள். சும்மா வேடிக்கை பார்க்க ஊர் போவது என்று ஒன்று உண்டு என்பதே வெண்ணிலங்குடி தெற்குத் தெருவுக்குத் தெரியாது. அதைக் கொண்டுவந்தவர் இரவுப் பள்ளிக்கூடம் நடத்த வந்த அமிர்தலிங்கம் வாத்தியார்.

"தை அறுப்பு முடிஞ்சிருச்சு. பேசின கூலியும் இந்த வருஷம் கைக்கு வந்திருச்சு. ஒரு நாள் எல்லாரும் டூர் போவோம்" என்றார் அவர். "தாராசுரம், தஞ்சாவூர் அரண்மனை, பெரிய கோயில்."

"டூருன்னா அங்க என்ன வேலை சார்?" என்றாள் பொன்னுத்தாய். அம்சத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி. வாய்க்குப் பூட்டு கிடையாது.

"வேலை எதுவும் இல்லம்மா. பார்க்கிறதுதான் வேலை."

"பார்க்கிறதுக்கு எத்தனை மரக்கா கூலி?"

பள்ளிக்கூடக் கொட்டகையே சிரித்தது. அம்சம் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: "அரமனையில சாமி செலையெல்லாம் வச்சிருக்காங்களாமே சார், அதையும் காட்டுவீங்களா?"

"கலைக்கூடமா? அதுக்குத்தானே போறோம்."

அன்றே அவள் தன் பெயரைச் சொல்லிவிட்டாள்.

அவள் பார்க்க நினைத்தது சாமியை அல்ல. சாமியின் முதுகை.

பல வருஷத்துக்கு முன்னால், உதயசூரியன்காரர்கள் முதல்முதலாக ஆட்சிக்கு வந்த மறுவருஷம் அது. மிராசுதார் நிலத்தில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அம்சத்தின் புருஷன் வீரையனும் அந்த வரிசையில் நின்றான். வீரையனுக்கு எல்லாமே இடது கைதான். வரிசையில் நின்று மண் வெட்டினால் பக்கத்து ஆளின் மண்வெட்டியோடு இவனுடையது முட்டிக்கொள்ளும். "எலே பீச்சாங்கையா, கடைசிக்குப் போடா" என்று துரத்துவார்கள். வரப்பைச் செதுக்கினால் எல்லார் வெட்டும் வலமிருந்து இடமாகச் சாய்ந்திருக்கும். வீரையன் வெட்டு மட்டும் இடமிருந்து வலமாக இறங்கும். மழைச்சாரல் ஒருபக்கமாக அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தாரை எதிர்ப்பக்கம் சாய்ந்து விழுந்தால் எப்படியிருக்கும், அப்படி. கஞ்சி கொண்டுபோகும் அம்சம் வரப்பைப் பார்த்தே அவன் எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

அன்றைக்கு அவன் மண்வெட்டி 'டங்' என்றது. கல் என்று நினைத்து அவன் மறுபடியும் ஓங்கப் போனான். சேற்றில் பச்சையாக எதுவோ மின்னியது. கையால் தோண்டித் தூக்கினார்கள். குப்புறக் கிடந்த அம்மன். ஆள் இடுப்பு உயரம் இருக்கும்.

வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவியது அம்சம்தான். முகத்தைக் கழுவினாள், மூக்கு வந்தது. உதட்டைக் கழுவினாள், சிரிப்பு வந்தது. முதுகைக் கழுவியபோது, சடை முடியும் இடத்துக்குக் கீழே, நட்ட நடுவில், ஒரு விரல் நீளத்துக்கு அந்த வெட்டு. இடமிருந்து வலமாக. உள்ளே புதுப்பொன் மாதிரி மஞ்சளாக இருந்தது.

"இந்தா புள்ள, சாமிக்கு வலிச்சிருக்குமா?" என்று வீரையன் குனிந்து அவள் காதில் கேட்டான். பயமும் பெருமையும் பாதிப் பாதி.

அதற்குள் மிராசுதார் வந்துவிட்டார். "எட்ட நில்லுங்க எல்லாரும்!" என்றார். அதுவரை தெற்குத் தெரு ஆட்கள் கையில் கிடந்த அம்மன், அந்தச் சொல்லோடு சாமியாகிவிட்டாள். முதுகைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "பீச்சாங்கையால சாமியை வெட்டினியே, நீ விளங்குவியாடா?" தாசில்தார் வந்தார். வைக்கோல் பரப்பிய வண்டியில் அம்மனைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருஷமே கூலிச் சண்டை முற்றியது. வயலில் செங்கொடி நட்டவர்கள் பெயரெல்லாம் போலீசுக்குப் போனது. "இடதுன்னாலே பொல்லாதவன்தான்" என்று மிராசுதார் வீட்டில் கேலி பேசினார்களாம். கையைச் சொன்னார்களோ கட்சியைச் சொன்னார்களோ. "அடுத்த நடவுக்குள்ள வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வீரையன் தலைமறைவாகப் போனான். அந்த நடவு முடிந்தது. அதற்கப்புறம் எத்தனையோ நடவு. வேதாரண்யத்து உப்பளத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அம்சம் போனாள், அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சோத்துக்கைக்காரர்கள். பட்டுக்கோட்டையில் தேங்காய் மூட்டை தூக்குகிறான் என்று வேறொருவர் சொன்னார், அதுவும் இல்லை. சாமி குத்தம் என்றது ஊர்.

புருஷன் பெயரை அம்சம் வாயால் சொல்ல மாட்டாள், 'அது' என்றுதான் சொல்வாள். வீரையனுக்குப் போட்டோ கிடையாது. அவன் வெட்டிய வரப்புகள் கொஞ்ச நாள் இருந்தன. அம்சம் அந்தப் பக்கமாகவே சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள். ஐப்பசி மழை முதல் சுற்றிலேயே அவற்றைக் கரைத்துவிட்டது. மழை கரைக்காத வெட்டு ஒன்றுதான் மிச்சம். அது தஞ்சாவூரில் இருந்தது.

தாராசுரத்தில் பொன்னுத்தாய் கல் தேரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தேர் இழுக்கும் கல் குதிரையின் கழுத்தைத் தடவினாள். "பாவம், எத்தனை நாளா பூட்டியே நிக்குது! அவுத்து விட ஒரு ஆளுகூடவா இல்ல?" என்றாள்.

"எண்ணூறு வருஷத்துக்கு மேல ஆவுதும்மா" என்றார் வாத்தியார்.

"அப்ப அதுக்கும் பண்ணையாள் கணக்குதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்சம் தூண்களில் செதுக்கிய ஆட்டக்காரிகளைப் பார்த்தாள், யாளியைப் பார்த்தாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு சிலையிலும் அவள் கண் உளி விழுந்த சாய்வைத்தான் தேடியது. இதை வெட்டியவனுக்கும் ஒருத்தி கஞ்சி கொண்டுவந்திருப்பாள் என்று தோன்றியது. கோயில் வாசல் கடையில் பொன்னுத்தாய் பச்சைச் சட்டம் போட்ட கைக்கண்ணாடி ஒன்று வாங்கி, வழியெல்லாம் அதில் முகம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தஞ்சாவூர் அரண்மனையில் வாத்தியார் மணிக்கோபுரத்தைக் காட்டினார், சித்திரம் தீட்டிய தர்பார் மண்டபத்தைக் காட்டினார்.

"இத்தனை பெரிய வீட்டுல ராசா எங்க சார் படுப்பாரு?"

"அதெல்லாம் பின்கட்டும்மா."

"அப்ப இந்தத் தூணெல்லாம்?"

"சபை கூடறதுக்கு."

"நம்ம சங்கத்துக் கூட்டத்தை இங்க போட்டா நல்லாருக்கும்" என்றாள் பொன்னுத்தாய். "வெயிலு படாது."

அம்சம் எதையும் காதில் வாங்கவில்லை. செப்புச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குள் எல்லாருக்கும் முன்னால் நுழைந்தாள். நடராசர்கள், அம்மன்கள், பெயர் தெரியாத ராணிகள். எல்லார் மேலும் சன்னல் வெளிச்சம் எண்ணெய் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டு போனாள். சுவரோரம் ஒரு பீடத்தின் முன்னால் நின்றாள். அந்தச் சிரிப்பை அவள் தண்ணீர் ஊற்றி வெளியே எடுத்திருக்கிறாள்.

"சார், இதுல என்ன எழுதியிருக்கு?"

வாத்தியார் குனிந்து படித்தார். "அம்மன். கிடைத்த ஊர், வெண்ணிலங்குடி. அட, நம்ம ஊரும்மா!"

எல்லாரும் கூடிவிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெற்குத் தெரு ஒரு அம்மனுக்கு இத்தனை பக்கத்தில் நின்றது வடிகால் வெட்டிய அன்றைக்கு அப்புறம் இப்போதுதான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அம்சம் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தாள். சிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. முதுகு இருட்டில் இருந்தது.

அங்கே காவலுக்கு நின்ற காக்கிச்சட்டைக்காரரிடம் போனாள். "அய்யா, இந்தம்மனைக் கொஞ்சம் திருப்பி வைப்பீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திருப்பறதா? உங்க வீட்டு மாடாம்மா இது?"

"முதுகைப் பார்க்கணும்யா."

"எல்லாரும் மொகத்தைப் பார்க்க வருவாங்க. நீ முதுகைப் பார்க்க வந்திருக்கியே."

அவள் நகராமல் நின்றாள். அந்த நிற்பில் எதைக் கண்டாரோ, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொடக்கூடாதும்மா, எனக்கு வேலை போயிரும். அதோ அந்தம்மா கையில கண்ணாடி வச்சிருக்கே, அதைப் பின்னால நீட்டிப் பாரு. மேல படாம."

பொன்னுத்தாய் கண்ணாடியைக் கொடுத்தாள். அம்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகக் கையை நீட்டினாள். கண்ணாடிக்குள் முதலில் சுவர் வந்தது, பிறகு தோள், பிறகு சடை. கொஞ்சம் இறக்கினாள். சன்னல் வெளிச்சத்தைத் திருப்பிப் பிடித்தாள். சடைக்குக் கீழே, நட்ட நடுவில், அந்த வெட்டு.

வலமிருந்து இடமாகச் சாய்ந்திருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வலமிருந்து இடமாகத்தான். ஊரில் எல்லாரும் வெட்டுகிற வெட்டு. வேறு எவனோ வெட்டிய வெட்டு.

"தெரியுதாம்மா?" என்றார் வாத்தியார்.

"தெரியுது சார். இது அது இல்ல."

"ஊர் பேரு போட்டிருக்கே?"

"பேரு மாத்திப் போட்டிருப்பாங்க. வேற எங்கயோ எடுத்த அம்மன். இது அது வெட்டினது இல்ல."

கண்ணாடியைப் பொன்னுத்தாயிடம் கொடுத்துவிட்டு, அம்மனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள். பெரிய கோயிலில் மற்றவர்கள் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். நந்தி வளர்கிறதா இல்லையா என்று சண்டை போட்டார்கள். அம்சம் புல்லில் உட்கார்ந்திருந்தாள். வேதாரண்யத்திலிருந்து திரும்பிய அன்றைக்கு மாதிரியே நெஞ்சு காலியாக இருந்தது. அன்றைக்காவது, தஞ்சாவூரில் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு இருந்தது.

பஸ் அம்மாப்பேட்டையைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் அறுத்த வயல்கள், தாளடிப் பயிர் வெறும் தாளாக நின்றது. பின் சீட்டில் பொன்னுத்தாய் மீந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கண்ணாடியை முன்னால் நீட்டி, "அழுது அழுது பொட்டெல்லாம் கரைஞ்சு கெடக்குடி. மொகத்தைப் பாரு" என்றாள்.

அம்சம் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். தன் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் பொன்னுத்தாய் தெரிந்தாள், சோற்றை உருட்டி வாயில் போட்டபடி.

"ஏண்டி, பீச்சாங்கையால திங்கிறே?" என்றாள் அம்சம். வெட்டென்று விழுந்தது வார்த்தை. அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபமா அழுகையா தெரியவில்லை.

"யாரு? நானா? கண்ணு போச்சா உனக்கு? சோத்துக்கையாலதான் திங்கிறேன். திரும்பிப் பாரு."

அம்சம் திரும்பினாள். பொன்னுத்தாயின் வலது கை முழுக்கப் புளிச்சோறு. மறுபடியும் கண்ணாடிக்குள் பார்த்தாள். இடது கை. திரும்பினாள். வலது கை.

கண்ணாடி அவள் மடியில் விழுந்தது.

"அய்யோ" என்று எழுந்து நின்றாள். "சார்! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!"

முன்னால் இருந்து வாத்தியார் பதறி எழுந்து வந்தார். "என்னம்மா? எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின் கண்ணாடி வழியே சாலை தஞ்சாவூர்ப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அரண்மனையை இந்நேரம் பூட்டியிருப்பார்கள். அந்த இருட்டுக் கூடத்தில் அம்மன் முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள். முதுகில் அந்த வெட்டோடு. இவ்வளவு பக்கத்தில் நின்றும், இது அது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாயிற்று.

"அதுதான் சார்" என்றாள். "அது வெட்டினதேதான். கண்ணாடிதான் மாத்திக் காட்டிருச்சு."

வாத்தியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் அவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொரு தடவை போவோம்மா" என்றார் பிறகு. அடுத்த அறுப்புக்கா, எந்த அறுப்புக்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அம்சம் உட்கார்ந்தாள். சன்னல் கண்ணாடி முழுக்கச் செம்புழுதி. இடது கையைத் தூக்கி, விரலால் அதில் ஒரே ஒரு கோடு இழுத்தாள். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக. கோட்டின் வழியே வெளியே வயலில் கடைசி வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது.

"என்னாடி இது, இப்ப நீ பீச்சாங்கையால கிறுக்கிறே?" என்றாள் பொன்னுத்தாய்.

"அதுக்கு அதுதான்டி சோத்துக்கை" என்றாள் அம்சம்.