கேதம் சொல்லாத தாணப்பன்

நாற்காலியில் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறான் தாணப்பன். நாடக மன்றத்து அறைக்கு இன்னும் யாரும் வந்து சேரவில்லை. கை வைத்த பழைய நாற்காலி ஒன்றைச் சுவரோரத்திலிருந்து நடுவே இழுத்துப் போட்டு, முதலில் அதன் முன்விளிம்பில் உட்காருகிறான். எழுந்து மறுபடியும் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலுக்கு மேல் கால் போடுகிறான். யாரோ அதட்டியதுபோலப் போட்ட காலைச் சட்டென்று எடுத்துவிட்டு வாசலைப் பார்க்கிறான். நிற்பது நான்தான் என்று தெரிந்ததும் சிரிக்கிறான்.

"எல்லாம் வந்துட்டு சார். இந்தச் சாயுகதுதான் வரல்ல. முதுகு நம்பமாட்டேங்கு."

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நான் தமிழ் டியூட்டர். நாடக மன்றத்துக்குப் பொறுப்பாளன் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அறைச் சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி பையன்கள் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததில்தான் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும் இந்தத் தாணப்பனைத் தெரிந்துகொண்டேன்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பான். கழுத்து நீளம், பாதம் அதைவிட நீளம். பூதப்பாண்டி சாலையில் உள்ள தன் ஊரிலிருந்து தினமும் நடந்தே வருகிறான். அவன் நடையைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். கூட வருகிறவர்கள் எல்லாம் பாதி வழியில் கழன்றுகொள்ள, இவன் ஒற்றையாக வந்து சேர்ந்து, வேட்டியைத் தட்டி விட்டுக்கொண்டு வகுப்பில் நுழைவான். அந்த நடை அவன் அப்பாவுடையது.

அப்பா ஊர்க்குடிமகன். ஊராருக்குச் சவரம் செய்வதும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் உள்ள சடங்குகளைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தச் செய்தியைச் சொந்தக்காரர்களின் ஊர்களுக்கெல்லாம் நடந்து கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவரும் அவரே. எங்கள் பக்கத்தில் அதைக் கேதம் சொல்லுதல் என்பார்கள். இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் தாணப்பன் என்னிடம் பேசியிருக்கிறான்.

"எங்க அப்பா போற எடத்துல எல்லாம் ஆளுவ அழுவாவ சார். அப்பாவக் கண்டு சிரிச்ச முகம் எங்க வீட்டுல மட்டுந்தான் உண்டு."

வீட்டிலேயே கத்தியும் கத்தரிக்கோலும் இருக்க, இவன் முடிவெட்டிக்கொள்ளக் கோட்டாற்றில் ஒரு சலூனுக்குப் போகிறான். ஏனடா என்று கேட்டேன். "வீட்டுல தரையில இருத்தித்தான் வெட்டுவாரு. அங்க சுத்துக நாற்காலி ஒண்ணு உண்டும் சார். முன்னால கண்ணாடி. நம்ம முகத்த நாமளே பாத்துக்கிட்டு இருக்கலாம்" என்றான். அப்பாவுக்கு இது தெரியும். மகன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பின்னால கொஞ்சம் ஏத்திட்டான்" என்று குறை மட்டும் சொல்வாராம்.

இன்னொரு விசித்திரம், சினிமாவுக்குப் போனால் படம் தொடங்கியதும் தூங்கிவிடுவான். அதற்குமுன் காட்டுகிற ட்ரெயிலர்களைக் கண் கொட்டாமல் பார்ப்பான். வரப்போகிற படத்தின் கதையைத் தானே கட்டி, மறுநாள் வகுப்பில் சொல்வான். பிறகு அந்தப் படம் வந்தால் போய்ப் பார்ப்பதில்லை. "நான் பாத்தது அதவிடக் கொள்ளாம்" என்பான். தான் கட்டியதே மேல் என்பது அவனுடைய தீர்ப்பு. இதனால்தான் ட்ரெயிலர் என்று ஒரு பேச்சு வந்ததும் மன்றத்தில் எல்லோரும் இவன் பக்கம் திரும்பினார்கள்.

பேச்சு வந்த விதம் இது. மன்றத்தின் செயலாளன் சிவதாணு. இவனும் தாணப்பனும் ஒரே ஊர். சிவதாணு வயலும் வீடுமாக உள்ள வேளாளக் குடும்பத்துப் பையன். துடிப்பானவன், வாயைத் திறந்தால் புதிதாக ஏதாவது சொல்வான். பத்திரிகையில் தொடர்கதைக்கு ஜனம் வாரந்தோறும் காத்துக் கிடக்கிறதே, அதுபோல மேடையில் ஒரு தொடர் நாடகம் போட்டால் என்ன என்றான். மாசி மாதம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் ஒரு பாகம். ஒரு குடும்பத்தின் கதை. ஒவ்வொரு வாரமும் ஒரு கண்ணீரோடு திரை விழவேண்டும். பெயர் 'மேலத்தெரு வீடு'. முதல் வாரத்தில் குடும்பத்துப் பெரியவர் இறந்துபோகிறார், மீதி வாரமெல்லாம் பிள்ளைகள் சண்டை. மூத்த மகன் வேஷம் தாணப்பனுக்கு. அந்த மூத்த மகன்தான் முதல் திரை விலகும்போது கை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து ஊர்களில் ஆட்கள் ஓய்ந்திருக்கும் நேரம். ஆனால் நாடகம் நடக்கிற விஷயம் அவர்களுக்குத் தெரியவேண்டுமே. கொட்டடித்துக்கொண்டு நோட்டீஸ் வண்டி விடலாம் என்றால், இந்த வருஷம் கொட்டுச் சத்தம் கேட்டாலே அரசியல் ஊர்வலமோ என்று போலீஸ் வண்டியை நிறுத்திக் கேட்கிறது. கோட்டாற்று மீரா முகைதீன் படம் வரைகிறவன். துணியில் பெரிய வீடு ஒன்றை எழுதி வண்டியின் பக்கவாட்டில் கட்டலாம் என்றான். "ஒரு ஜன்னல் மட்டும் கறுப்பா இருக்கணும் மக்கா. உள்ள என்னன்னு தெரியப்பிடாது."

தாணப்பன் சாக்குக்கட்டியால் தரையில் வண்டி போகிற பாதையைப் போட்டுக்கொண்டிருந்தான். "அது கொள்ளாம். ட்ரெயிலர்னா கதையச் சொல்லப்பிடாது பாத்துக்க. கதவத் தட்டணும். ஆளு எந்திரிச்சு வரணும். அம்புடுதான்."

"அப்பம் கேதம் சொல்லுவோம்லே!" என்று சிவதாணு துள்ளினான். "கொட்டு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒருத்தன் முத்தத்துல போய் நிப்பான். 'மேலத்தெரு வீட்டுப் பெரியவரு தவறிப்போனாரு'ம்பான். எந்த மேலத்தெருன்னு பதறிக் கேப்பாவ. அப்பம் நோட்டீச நீட்டணும். சனிக்கிழம, காலேஜ் ஹால்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"யாரு சொல்லுகது?" என்று மீரா முகைதீன் கேட்டான்.

"நம்ம தாணப்பன் இருக்காம்லா. அவனுக்கு யாரும் படிச்சுக் குடுக்காண்டாம்."

சிவதாணு இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நன்றாகப் பாடுகிறவனைப் பாடச் சொல்வதுபோல் சொன்னான். அதனால்தான் எங்கள் ஒருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தாணப்பன் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தான். குரல் ஏறவில்லை.

"நான் சொல்லல்ல, சிவதாணு. இப்பம் முத்தத்துல நின்னு கேதம் சொன்னவன், சனிக்கிழம மூத்த மகனா நாற்காலியில இருந்தா சனம் நம்புமா? 'கேதஞ்சொல்லி வந்தவன்லா இவன்'னு சிரிக்கும். அதோட வேசம் போச்சு. எனக்கு இந்த வேசம் வேணும்."

சிவதாணுவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் கறுத்து, "வேண்டாம் மக்கா, விட்டுருவோம்" என்றான்.

"விடாண்டாம். நல்ல ட்ரெயிலரு. எப்படிச் சொல்லணும்னு நான் சொல்லித் தாறேன். அவனவன் ஊருல அவனவன் எறங்கிச் சொல்லட்டு. நான் வண்டிய விட்டு எறங்கமாட்டேன். அது மட்டும் பேச்சு."

மறுநாளிலிருந்து ஒத்திகை. வேளாளப் பையன்கள் வரிசையாக நிற்க, குடிமகன் மகன் சொல்லிக்கொடுத்தான். "படி ஏறப்பிடாது. முத்தத்துல நிக்கணும். அவிய கேக்காம வாய் தொறக்கப்பிடாது. முகத்தப் பாக்காத, படியப் பாரு. சொல்லி முடிச்சா அப்படியே திரும்பிரணும். போயிட்டு வாறேன்னு சொல்லவே பிடாது." சிவதாணு கல்மிஷமில்லாமல் எல்லாவற்றையும் பழகினான். ஒருநாள் அவன் தலைகுனிந்து நின்ற நிற்பைப் பார்த்துத் தாணப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குறித்த நாளில் கூண்டு வண்டி புறப்பட்டது. நானும் ஏறிக்கொண்டேன். முதல் இரண்டு ஊர்களில் ட்ரெயிலர் பிரமாதம். பதறி ஓடிவந்தவர்கள் நோட்டீசைப் பார்த்துவிட்டு, "நாசமாப் போவ, நெஞ்சு நின்னுட்டுலே!" என்று திட்டினார்கள், திட்டிவிட்டு, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்கள். தாணப்பன் வண்டிக்குள் இருந்தபடியே தொடையில் தட்டிக்கொண்டான். இவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது அவர்கள் ஊர். பெயர் வேண்டாம். வண்டி தெருவுக்குள் திரும்பியதும் தாணப்பன் கூண்டுக்குள் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டான். சிவதாணு இறங்கித் தன் சொந்த வீட்டு முற்றத்தில் போய் நின்றான். அம்மா பதறிவிட்டுச் சிரிக்கும் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தான்.

அவன் விடுதியில் தங்கிப் படிக்கிறவன். அன்று காலை அவன் அப்பா கோர்ட்டு வேலையாக நாகர்கோவிலுக்குப் போயிருப்பது அவனுக்குத் தெரியாது.

அவன் அம்மா பார்வதியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகோடு வெளியே வந்தார். மகன் முற்றத்தில் நிற்கிறான், ஏறி வரவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. சுளகு கையிலிருந்து விழுந்தது.

"மக்கா, ஏன் அங்கயே நிக்கே? ஏறி வா. யாருக்கு என்ன? அப்பாக்கா? சொல்லு மக்கா, அப்பாக்கா?"

பழகிய வாசகம் சிவதாணுவின் வாயில் வரவில்லை. அவன் பேசாமல் நிற்க நிற்க அந்த அம்மாளுக்கு எல்லாம் உறுதியாயிற்று. தலையில் அடித்துக்கொண்டு படியிலேயே சரிந்தார். அழுகை கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் முடிந்த கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

தாணப்பன் இறங்கினான். இறங்கமாட்டேன் என்றவன் என்னைத் தாண்டிக் குதித்து முற்றத்துக்கு ஓடினான். "அம்மா, ஒண்ணுமில்ல! நாடகம்மா, யாருக்கும் ஒண்ணுமில்ல!"

பார்வதியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஓடி வருவது யார் என்று தெரிந்ததும் அழுகை அலறலாயிற்று.

"ஐயோ, குடிமகன் மகனும்லா வந்திருக்கான்! போயிட்டாரே! என்ன விட்டுட்டுப் போயிட்டாரே!"

அவன் என்ன சொன்னாலும் அங்கே ஏறவில்லை. அந்த முற்றத்துக்கு அவன் வீட்டு ஆட்கள் ஓடி வந்து சொல்கிற சேதி ஒன்றுதான் உண்டு. 'யாரும் சாகல்ல, யாரும் சாகல்ல' என்று அவன் கத்தக் கத்த, சாகல்ல என்பது காதில் விழாமல் பெண்கள் அவன் முகத்தைப் பார்த்தே அழுதார்கள். உலகத்தில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு முகம் வாய்க்கவேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

தாணப்பன் கத்துவதை நிறுத்தினான். பிறகு இரண்டு படி ஏறி, அந்த அம்மாளுக்கு நேர் எதிரே குனிந்து, அவசரமே இல்லாத குரலில் கேட்டான்.

"தாகமா இருக்கும்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாருங்க."

அழுகை நின்றது. கேதம் சொல்ல வந்தவன் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டான். எங்கள் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும். தண்ணீர் கேட்கிறான் என்றால் சாவு இல்லை. பார்வதியம்மாள் அவனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரு இருக்காரா?" என்று ஒரு தடவைதான் கேட்டார். "இருக்காரும்மா" என்றான் தாணப்பன். அவர் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய், செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். நின்ற இடத்திலிருந்தே, அந்த வீட்டில் அவன் அப்பாவுக்கு என்றைக்கும் கூலி நாளில் ஊற்றுவதுபோல, குவித்த கைக்கு ஊற்றச் செம்பைச் சரித்தார்.

தாணப்பன் கையைக் குவிக்கவில்லை. தண்ணீர் படியில் விழுந்து தெறித்தது. பார்வதியம்மாள் செம்பை நிமிர்த்தினார். அவன் வலது கையை நீட்டிச் செம்பின் கழுத்தைப் பிடித்து வாங்கினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அண்ணாந்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தான். பிறகு வெறும் செம்பை அந்த அம்மாளிடம் நீட்டினான்.

"இன்னுங் கொஞ்சம்."