எட்டு வருட ஆலோசகருக்கு ஒரு கும்பிடு

பல்லடத்தில் கோழித்தீவனக் கடை நடத்துகிறேன். அதில் சம்பாதித்து, என் பெயரில் மியூச்சுவல் ஃபண்டில் போட்ட பணத்தை எட்டு வருடமாக ஓர் ஆலோசகர் பார்த்துவந்தார். வீட்டுக்கு வருவார், என் கணவரோடு பேசுவார், என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

போன மாதம் நானே கோயம்புத்தூர் போனேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு, படிவங்களை வரி விடாமல் படித்து, மொத்தத்தையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டேன்.

இன்று காலை பழைய ஆலோசகர் ஃபோன் செய்தார். எனக்கு அல்ல, கணவருக்கு. அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க சார், எல்லாத்தையும் வேற கம்பெனிக்கு மாத்திப்போட்டீங்க? எம்மேல என்னங்க கோவம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது அம்மணியோட பணமுங்க. அம்மணிகிட்டயே கேட்டுக்கோங்க."



"மேடம் நம்பர் எங்கிட்ட இல்லீங்களே, சார்."

அடுப்பை அணைத்துவிட்டு ஃபோன் பக்கம் குனிந்தேன்.

"அதனாலதானுங்க மாத்துனேன்."

சிரித்த சிரிப்பில் கணவர் பாதித் தேங்காய்ப்பூவைக் கீழே சிந்திவிட்டார்.

தோழிகளே, உங்கள் பணத்தைப் பற்றிப் பேச வீட்டில் யாருடைய ஃபோன் அடிக்கிறது?