பன்னிரண்டாயிரம் ஓடிய கேமரா

நாற்பத்து நான்கு வயதில் நான் மறுபடியும் மாணவி ஆனேன். காந்திபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு இருபது வருட வேலை. காலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மாலையில்தான் எடுப்பேன். ஒருநாள், சாயம் ஏற்றிய ரத்தத் துளி ஒன்று இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அத்தனை அழகாகத் தெரிந்தது. கைபேசியை மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்தின் மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் கணவரிடம் காட்டினேன்.

"என்ன அம்மணி, சுங்கிடிச் சேலை வாங்கப் போறியா?" என்றார்.

ரத்தம் என்று சொன்னதும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. இந்த மாதிரி எத்தனை சேலைகளை யாருக்கும் காட்டாமல் கழுவி ஊற்றியிருக்கிறேன் என்று தோன்றியது. அடுத்த மாதமே ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் போட்டோகிராஃபி வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

வகுப்பில் பதினாறு பேர். என்னைத் தவிர எல்லோரிடமும் கேமரா இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய அம்மாவைவிட நான் மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மூன்று வாரம் அவளுடைய கேமராவில்தான் நானும் படம் எடுத்தேன். நாலாம் வாரம் ஆசிரியர், "வர்ற ஞாயித்துக்கிழமை அவங்கவங்க கேமராவோட வாங்க" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் என்னைவிட அதிகமாகக் குதித்தது அந்தப் பெண்தான். பதினொரு மாடல்களை வரிசைப்படுத்தி, எடை, லென்ஸ், பேட்டரி எல்லாம் குறித்து ஒரு அட்டவணையே போட்டுவிட்டாள். அதில் முதல் இரண்டைப் பச்சை மையால் வட்டமிட்டிருந்தாள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நாங்கள் மூன்று பேர் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கேமரா கடையின் மாடிப்படி ஏறினோம். நான், அந்தப் பெண், என் கணவர். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தே பழகியவர் என்பதால், எங்கே போனாலும் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பார்.

கவுண்டரில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். நேராக என் வகுப்புத் தோழியைப் பார்த்து, "சொல்லுங்க, எந்த மாடல் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"எனக்கில்லீங்க."

உடனே என் கணவர் பக்கம் திரும்பினார். "சாருக்குங்களா?"

"எனக்கு எதுக்குங்க? ஊட்டுக்காரம்மாவுக்குங்க."

நான் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினேன். "எனக்குத்தானுங்க. நான் படிக்கறேனுங்க." சொல்லும்போதே வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்து குரல் எங்கோ மேலே போய்விட்டது.

அட்டவணையில் முதலாவதாக இருந்ததை எடுத்துக் கொடுத்தார். சோப்பு டப்பா அளவு. வாங்கியதும் பழக்க தோஷத்தில் கண்ணுக்குக் கொண்டுபோனேன். திரை மூக்கில் இடித்தது.

"கண்ணு வெக்கற எடம் எங்கீங்க?"

"இதுல கிடையாதுங்க. திரையப் பாத்துத்தான் எடுக்கோணும்."

"ஐயோ, அப்ப வேண்டாமுங்க."

"அக்கா, வீடியோவுக்கு இதுதான் சூப்பர்" என்று தோழி கெஞ்சினாள். எனக்கு மனசே ஒட்டவில்லை. இரண்டாவதில் கண் வைக்க இடம் இருந்தது. ஆனால் உள்ளே தெரிந்தது ஒரு குட்டித் தொலைக்காட்சி. கடைக்காரப் பெண் கையை அசைத்தால் அரை இமைப்பொழுது தள்ளி அசைவதுபோல எனக்கு ஒரு பிரமை. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தேன்.

அப்படிப் பார்த்தபோதுதான் மூலைக் கண்ணாடி அலமாரியில் பழைய கேமராக்கள் தெரிந்தன. பிடியில் ரப்பர் கொஞ்சம் தேய்ந்துபோன ஒன்றைக் காட்டி, அதை எடுங்கள் என்றேன். கனமாக இருந்தது. கண்ணை வைத்தேன். உள்ளே இருந்தது படம் இல்லை, வெளிச்சம்! ஜன்னல், தூண், கடைக்காரப் பெண்ணின் கம்மல், எல்லாம் நேரடியாக என் கண்ணுக்கு வந்தன. விரலை அழுத்தினேன். உள்ளே கண்ணாடி புரண்டு 'சடக்' என்றது. வயிற்றுக்குள் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியது போல இருந்தது. இன்னொரு முறை அழுத்தினேன். சடக்.

"ஏனுங்க, ரெண்டு கண்ணையும் தொறந்துட்டே பாக்கறீங்க?" என்று கடைக்காரப் பெண் அதிசயப்பட்டார். "எல்லாரும் ஒண்ணை மூடித்தான் பாப்பாங்க."

"லேப்ல அப்படித்தானுங்க பழக்கம். ஒண்ணை மூடுனா தலை வலிச்சுரும்."

கணவர் குனிந்து அந்தக் கேமராவைப் பழைய கார் பார்ப்பதுபோல நாலு பக்கமும் பார்த்தார். "செகண்ட் ஹேண்டா? எத்தனை ஓடியிருக்குதுங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். கடைக்காரப் பெண் சிரிக்காமல், "பன்னெண்டாயிரமுங்க" என்றார்.

"கேமராவுக்கும் மீட்டர் இருக்குதா?"

"இருக்குதுங்க. ஒரு படம் எடுத்தா ஒண்ணு ஏறும். லட்சத்துக்கு மேல தாங்குமுங்க."

என் கணவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அதுவரை சும்மா துணைக்கு வந்தவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சிங்கிள் ஓனரா?"

"சிங்கிள் ஓனருங்க. வால்பாறைல ஒரு டாக்டரு, குருவி எடுக்கறதுக்குன்னு வாங்குனாரு. குருவி ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குதுன்னு திருப்பிக் குடுத்துப்போட்டாருங்க."

தோழி தன் அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எதுக்கும் மூணுலயும் ஒரே படம் எடுத்துப் பாத்துரலாங்க்கா" என்றாள்.

"என்னையவே எடுங்க. எல்லாரும் என்னையத்தான் எடுப்பாங்க" என்று கடைக்காரப் பெண் ஜன்னலோரத் தூணருகே போய் நின்றார். நின்ற உடனே முகம் மாறிவிட்டது. மோவாயைக் கொஞ்சம் இறக்கி, உதட்டில் பாதிச் சிரிப்பு. முதல் கேமராவில் அந்த முகம். இரண்டாவதிலும் அச்சு அசலாக அதே முகம். மூன்றாவதைத் தூக்கி நான் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் மிகுந்த அக்கறையோடு, "எல்லாஞ் சரிங்க, இதுல பிரேக் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார்.

அந்தப் பெண் வெடித்துச் சிரித்துவிட்டார். கண்கள் மூடிக்கொண்டன. கை வாயை மறைக்கப் பாதி வழி வந்தது. சடக்.

பின்புறத் திரையில் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் வழிய, ஒரு பெண் சிரிக்கிறாள். அவ்வளவுதான். நான் எடுத்தேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. வேறு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"அக்கா, இது கேமராவால இல்லக்கா" என்று தோழி பொறுமையாக விளக்கினாள். "முன்னாடி ரெண்டுலயும் இவங்க சிரிக்கல. அதான் வித்தியாசம்."

"தெரியுது கண்ணு. இருந்தாலும் எனக்கு இதுதான் வேணும்."

கடைக்காரப் பெண் படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆறு வருசமா தெனமும் யாராச்சும் என்னைய எடுக்கறாங்க. பெருசு பண்ணி, கண்ணு புருவமெல்லாம் தெளிவா இருக்குதான்னு பாத்துட்டு அழிச்சுருவாங்க. எங்கிட்ட ஒண்ணுகூட இல்லீங்க. இதை எனக்கு அனுப்பி உடறீங்களா?"

தோழி கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாகத் தன் கைபேசியில் மாட்டி அங்கேயே அனுப்பினாள். பில் எழுதி முடிப்பதற்குள் அது கடைக்காரப் பெண்ணின் வாட்ஸப் முகப்புப் படம் ஆகிவிட்டது.

கீழே பேக்கரியில் டீ சொன்னோம். டீ ஆறியது. நான் பப்ஸை எடுத்தேன், தேங்காய் பன்னை எடுத்தேன், ஆவியை எடுத்தேன், ஆவி வரவில்லை. கணவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு சடக்குக்கும் வாய்விட்டு எண்ணினார். "பன்னெண்டாயிரத்து நாப்பத்தொண்ணு… நாப்பத்திரெண்டு… மெதுவா போ அம்மணி, புது டிரைவரு நீ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு பத்து மணிக்கு. ஆறரைக்கே எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் துண்டு, தூரத்தில் மருதமலைப் பக்கம் மெல்லிய நீலம். எல்லாமே முதல் தடவை பார்ப்பது போல இருந்தது. தொட்டியின் பின்னால் குனிந்து ஒரு காக்கையைத் துரத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாடியிலிருந்து குரல்.

"ஏனுங்க, காலங்காத்தால என்னங்க பண்றீங்க?"

"படம் எடுக்கறேனுங்க! கேமரா வாங்கிட்டேனுங்க!"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கலைந்த தலை, நைட்டி, கழுத்தில் கேமரா. விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டார். தப்பாக எடுத்துக்கொண்டாரோ என்று சங்கடமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து எங்கள் வீட்டு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பட்டுச் சேலையில் அந்த அம்மா, பின்னால் பல் தேய்த்துக்கொண்டே அவர் கணவர், தூக்கம் கலையாத இரண்டு பேத்திகள்.

"இருங்க, இருங்க, எடுத்துராதீங்க" என்று அவர் சின்னவளின் தலையைச் சீவத் தொடங்கினார். "எங்க நிக்கோணும்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கும் தெரியவில்லை. வெயில் வரும் பக்கமாக நிற்கச் சொன்னேன். எல்லோரும் கண் கூசி முகத்தைச் சுளித்தார்கள். அந்தச் சுளிப்போடவே அழுத்தினேன், சடக்.